கருப்பாயி என்று யாரும் இல்லை

ஒரு கோன் நூல் என் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். பிரித்து நேராக இழுத்தால் நூற்று இருபது கிலோமீட்டர் வரும். வேலைக்குச் சேர்ந்த அன்று இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் மில் கேட்டில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு நடந்தால், திருப்பூரைத் தாண்டித்தான் மறு நுனி கிடைக்குமாம். இப்போது நம்புகிறேன். அந்த நூலை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, கும்பிடவும் தோன்றுகிறது.

மணி ஒன்றரை இருக்கும். ஹாஸ்டல் அறையில் பதினோரு பேர் தூங்குகிறார்கள். நான் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வார்டன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன், அது போனதும் விட்ட இடத்திலிருந்து எழுதுவேன். எனக்குப் பதினேழு வயது. இதுவரை யாருக்கும் இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை.

நான் கார்டிங்கில் வேலை பார்க்கிறேன். மூட்டையிலிருந்து வரும் பஞ்சை, பல் வைத்த உருளைகள் சீவிச் சீவி மேகம் மாதிரி மெல்லிசாக்கும் இடம் அது. எங்கள் வரிசையில் ஏழாவது மெஷினுக்குப் பேர் கருப்பாயி. பேர் வைத்தவள் பேச்சி. என் பக்கத்துக் கட்டில்காரி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சேர்ந்த முதல் வாரமே அந்த மெஷினைத் தட்டிக்கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, இவ எங்க வீட்டுக் கருப்பாயியேதான். அவளும் இப்படித்தான் உர்ருன்னு நிப்பா. எதப் போட்டாலும் திம்பா. வாயில மாட்டுனத விடமாட்டா."

"யாருடி அது, உங்க அத்தையா?"

"எருமைட்டி." சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். "வேற யாருட்டயும் சொல்லிராத. எருமை மேய்க்கிறவன்னு எனக்குப் பேரு வச்சிருவாளுவ."

நான் சொல்லவில்லை. ஆனால் மெஷினின் பேர் ஒட்டிக்கொண்டது. பத்து நாளில் கார்டிங் முழுக்க அதை ஏழாம் நம்பர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். "கருப்பாயிக்கு இன்னிக்கு மூக்கு அடைப்பு", "கருப்பாயி கோவமா இருக்கா" என்றுதான் பேச்சு. எருமை விஷயம் மட்டும் என்னிடமே இருந்தது.

பஞ்சு அடைத்துக்கொண்டால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. நிறுத்தினால் மேலே மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் சூப்பர்வைசர் கதிரேசன் சார் வருவார். அதனால் யாரும் நிறுத்துவதில்லை. அன்றைக்குப் பேச்சியும் நிறுத்தவில்லை.

சிவப்புப் பொத்தானை அடித்தது நான்தான். அதற்குள் மெஷினின் முன்பக்கம் மேகம் மாதிரி வந்துகொண்டிருந்த பஞ்சு இளஞ்சிவப்பாக வர ஆரம்பித்திருந்தது.

மில் வேனில் ஏற்றினார்கள். கையில் மூட்டைப் பஞ்சையே சுற்றியிருந்தார்கள். பேச்சி அழவில்லை. என்னைப் பார்த்து, "எம்மாட்ட சொல்லிருட்டி" என்றாள். வேன் கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

கதிரேசன் சார் கார்டிங்கில் மிச்சம் இருந்த எங்கள் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்தார். கத்தவில்லை. அவர் கத்தாதபோதுதான் பயமாக இருக்கும்.

"நீங்க யாரும் எதையும் பாக்கல. அந்தப் பொண்ணு லீவுல போயிருக்கு. சரியாம்மா?"

எட்டுப் பேரும் தலையாட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை வார்டன் அம்மா போனில் பேசியது மாடிப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. "உங்க பொண்ணு வேன் டிரைவரோட போயிருச்சும்மா. எங்களுக்கும் அவமானம்தான். தேடாதீங்க, ஊருக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் கேவலம்." மறுமுனையில் இருந்தது பேச்சியின் அம்மா. அந்த அம்மா இனி யாரிடமும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். போலீசுக்கும் போகமாட்டார்கள். மகள் ஓடிப்போனாள் என்று தானே எப்படிப் போய்ச் சொல்வார்கள்? அதைத் தெரிந்துதான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

என்னிடம் போன் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறது. திறக்க என் முகத்தைக் காட்ட வேண்டும். நான் எழுதும் ஒவ்வொரு வரியும் என் பேரோடும் நம்பரோடும்தான் போகும். இப்போது ஊர் முழுக்க நெட் அப்படித்தான். ஹாஸ்டல் நெட்டில் அதற்கு மேல் இன்னொரு பூட்டு. மில் பேரை எழுதினாலே வரி நகராது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் வீட்டுக்குப் பேச முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை ஹாஸ்டல் போனில் பேசலாம், ஸ்பீக்கரில் போட்டு, வார்டன் அம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று.

நாலைந்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் லேபுக்குச் சாம்பிள் கொண்டுபோகச் சொன்னார்கள். லேபில் ஜெசிந்தா அக்கா இருப்பாள். திண்டுக்கல்காரி, டிப்ளமோ படித்தவள். நாங்கள் நூற்பது நினைவு நூல். பஞ்சோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு இழை உள்ளே ஓடும். கோன் சுற்றும்போது அந்த இழையில் கம்பெனியின் பேர், தேதி எல்லாம் மீட்டருக்கு மீட்டர் பதிவாகும். கடையில் சட்டையை மெஷினில் காட்டினால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. அதற்கு அவளிடம் ஒரு சோதனைப் பேனா உண்டு. நூலில் இருப்பதைத் திரையில் காட்டும், நூலில் எழுதவும் செய்யும்.

கை துடைக்க வைத்திருந்த பனியன் துணியைத் தெரியாமல் அந்தப் பேனாவின் மேல் வைத்துவிட்டேன். மெஷின் துடைக்கத் திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் வெட்டுத் துணிதான் அது. திரையில் வரிகள் எழும்பின.

'சோத்துல புழு. மூணு நாளா சொல்றோம்.'

'இது எந்த ஊருக்குப் போகுதுன்னு தெரியாது. என் மகன் பேரு இனியன். நாளைக்கு அவனுக்குப் பொறந்த நாள்.'

'பதினாலு மணி நேரம். பதினாலு மணி நேரம். பதினாலு மணி நேரம்.'

துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய்க் கறை பிடித்த, நாலு விரல் அகலத் துணி. இதைத்தான் ஒன்றரை வருஷமாகத் தினமும் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கொண்டுதான் மூக்கைக்கூடத் துடைத்திருக்கிறேன்.

ஜெசிந்தா அக்கா எட்டித் திரையை அணைத்தாள். "நீ எதையும் பாக்கல."

கதிரேசன் சார் சொன்ன அதே வார்த்தை. ஆனால் அவர் சொன்னபோது நான் தலையாட்டினேன். இப்போது ஆட்டவில்லை.

"யாருக்கா எழுதினது?"

"தெரியாது."

"எந்த மில்லு?"

"அதுவும் தெரியாது. யாருக்கும் தெரியாது, அதான் விசேஷம்." கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "டெஸ்ட் வரின்னு ஒண்ணு இருக்கு. பேனா வேலை செய்யுதான்னு பாக்க எழுதுறது. அதுல கம்பெனி பேரும் விழாது, ஆள் பேரும் விழாது. மொத மொதல்ல எந்த லேப்ல எவ எழுதிப் பாத்தாளோ. திருப்பூர்ல ஒரு துணி நெய்ய தொண்ணூறு கோன் ஒண்ணா ஓடும். பல மில்லு நூல். கலந்து, சாயம் போட்டு, வெட்டித் தச்சிட்டா எந்த வரி எந்தக் கோன்ல இருந்து வந்துச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"யாரு படிப்பா?"

"நம்மள மாதிரி பேனா வச்சிருக்கிறவ. சில கடையில, சில துறைமுகத்துல. முன்னாடி எல்லாம் நெட்லயே இப்படி இருந்துச்சாம். நீ ஒருத்தர்கிட்ட குடுப்ப, அவர் இன்னொருத்தர்கிட்ட, அவர் மூணாவது ஆள்கிட்ட. யாருக்கும் முழு வழி தெரியாது. அதெல்லாம் மூடிட்டாங்க. நூலை எப்படி மூடுவாங்க? ஊர் பூரா அம்மணமாவா திரியும்?"

நான் சிரித்தேன். பேச்சி போன பிறகு முதல் தடவை. உடனே அழுகை வந்துவிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இருநூறு எழுத்துதான் பிடிக்கும்" என்றாள். "உன் பேர எழுதாத. இன்னொண்ணு கேட்டுக்க. போன வருஷம் எவளோ ஒருத்தி இன்னொரு பொண்ணப் பத்திக் கேவலமா எழுதிவிட்டா. பச்சைப் பொய். அது இன்னமும் எங்கயோ யார் முதுகுலயோ இருக்கு. நூல்ல ஏறிட்டா பொய்யையும் எடுக்க முடியாது, நெஜத்தையும் எடுக்க முடியாது. யோசிச்சு எழுது."

யோசித்துத்தான் எழுதினேன். ஊர்ப் பேர், பேச்சியின் பேர், அம்மா பேர். அவற்றை இங்கே மறுபடி எழுதமாட்டேன். பிறகு: 'மகள் ஓடிப்போகவில்லை. கருப்பாயி கையைப் பிடித்துவிட்டாள். மில் வேனில் கேட்டுக்கு வலது பக்கம் கொண்டுபோனார்கள். உயிரோடு இருந்தாள். யார் படித்தாலும் அவள் அம்மாவிடம் சொல்லுங்கள்.'

கார்டிங் மெஷின் என்று எழுத எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை.

கோன் சுற்ற ஆரம்பித்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வெள்ளை நூல், எந்த வித்தியாசமும் இல்லை. ஒவ்வொரு மீட்டரிலும் என் வரி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கோனுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் தடவை. வீட்டில் ஒரு விஷயத்தை ஒரு தடவை சொல்லி முடிக்க என்னை விட்டதில்லை. மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. கோவிலில் கர்ப்பக்கிரகத் திரை விலகும்போது வருமே, அப்படி.

பதினெட்டாம் நாள் விஷயம் வெடித்தது. எந்த நாட்டிலோ துணி வாங்கியவர்களின் மெஷின் என் வரியைப் பிடித்து, மொழிபெயர்த்து, நூல் கொடுத்த எல்லா மில்லுக்கும் அனுப்பிவிட்டது; எங்கள் ஆபீசுக்கும் வந்தது. மில் பேர் அதில் இல்லைதான். ஆனால் பேச்சியின் பேர் இருந்ததே.

ஞாயிறு போன் நின்றது. ஹாஸ்டல் நெட் நின்றது. டிவி நின்றது. ஊருக்குப் போகும் லீவு நின்றது. வேன் போனதை ஹாஸ்டலே பார்த்திருந்தது, அதனால் எழுதியவள் ஒத்துக்கொள்ளும்வரை ஹாஸ்டலில் இருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இதுதான் என்றார்கள்.

என் அறையில் வாசுகி அக்கா இருக்கிறாள், அவளும் கார்டிங்தான். பத்தொன்பது வயது. அவள் அம்மாவுக்கு அந்த வாரம்தான் ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை போன் மேஜை காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்து கட்டிலை உதைத்தாள்.

"எவளோ ஒரு மகராசி எழுதுவா, நாங்க அனுபவிக்கணுமா? எங்க அம்மா கண்ணு முழிச்சாளா இல்லையான்னு எனக்கு யாருடி சொல்லுவா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். யார் எழுதியது என்று தெரியாமல் இருப்பது என்னைக் காப்பாற்றியது. அதே விஷயம்தான் வாசுகி அக்காவைத் தண்டித்தது. அவள் அழுதது எனக்குக் கேட்டது. எழுந்து சொல்லவா என்று நினைத்தேன். சொல்லவில்லை. இதைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் கார்டிங்காரர்களை ஆபீஸ் வாசலில் நிறுத்தினார்கள். கதிரேசன் சார் கையில் ஒரு தாள்.

"சண்டை நடந்திருக்கு, எங்ககிட்ட யாரும் சொல்லல" என்றார். "ஒரு பொண்ணு கையப் பிடிச்சு இழுத்து மெஷின்ல விட்டிருக்கா. மில்லு மேல பழி. அந்தப் பொண்ணு மேலதான் கேஸ் குடுக்கப் போறோம். சொல்லுங்கம்மா. கருப்பாயி யாரு?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பா பயமா தெரியவில்லை. வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கருப்பாயி யாரென்று தெரியும். அந்த நேரத்தில்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் உறுமிக்கொண்டுதான் இருந்தாள். எழுதியது கார்டிங்காரிதான் என்பதும் அந்த நொடியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாராவது ஒருத்தி வாயைத் திறந்தால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எட்டுப் பேராகிவிடுவார்கள். எட்டில் ஒருத்தியைக் கண்டுபிடிக்க அரை மணி போதும்.

வாசுகி அக்கா முன்னால் வந்தாள்.

"கருப்பாயி போன மாசமே நின்னுட்டா சார்."

"எந்த ஊரு?"

"தெரியல சார். யார்கூடயும் பேசமாட்டா. எப்பவும் உர்ருன்னு இருப்பா."

பின்னால் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். "நல்லா சாப்பிடுவா சார்."

"கனமான உடம்பு சார்" என்றாள் இன்னொருத்தி.

கதிரேசன் சார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கார்டிங்கில் வேலை நடப்பதைப் பார்க்க அவர் ஒரு நாளும் நின்றதில்லை, விளக்கு எரிந்தால் வருவார், அணைந்தால் போய்விடுவார். வருகைப் பதிவேட்டை நாலு தடவை புரட்டினார்கள். கருப்பாயியின் பேரைக் காணவில்லை என்பதே அவள்மேல் சந்தேகத்தை அதிகமாக்கியது.

அன்று சாப்பாட்டு வரிசையில் வாசுகி அக்கா என் பின்னால் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எழுதினவ யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அறையணும்னு தோணும். நீயும் சொல்லாத."

"சரிக்கா."

"அம்மா கண்ணு முழிச்சிருச்சாம். கேண்டீன் அண்ணன் விசாரிச்சுட்டு வந்து சொன்னாரு." தட்டை நீட்டினாள். "ரசம் வாங்கு, ஆறப்போகுது."

மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. என் வரியைப் படித்தவர்கள் பதில் எழுதி, அந்த நூலும் துணியாகி, துணி வெட்டப்பட்டு, மிச்சம் மூட்டையாகித் திரும்பிவர அவ்வளவு நாள் ஆகும். ஒரு திங்கட்கிழமை ஜெசிந்தா அக்கா என்னைச் சாம்பிளோடு வரச்சொன்னாள். லேபில் புதுப் பனியன் மூட்டை பிரிந்து கிடந்தது. அவள் ஒவ்வொரு துண்டாகப் பேனாவின் மேல் வைத்தாள்.

'எங்க கருப்பாயி போன தீபாவளிக்கு மூணு விரல் எடுத்தா.'

'கருப்பாயிய எங்களுக்கும் தெரியும். எங்க மில்லுல அவ பேரு மூதேவி.'

'கருப்பாயி என் தங்கச்சி முடியப் பிடிச்சா. மயக்கம் போட்டு விழுந்துட்டான்னு எழுதிட்டாங்க.'

சிவப்புத் துண்டு, நீலத் துண்டு, பூப்போட்ட குழந்தைச் சட்டையின் ஓரம். எடுக்க எடுக்க வந்தது. நான் பார்க்காத ஊர்களில், நான் பார்க்காத பெண்கள், ஒரு வார்த்தை விளக்கம் கேட்காமல் கருப்பாயியைப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆபீசுக்குப் புரியாதது அவர்களுக்குப் புரிந்தது. ஒரு பச்சைத் துண்டில் எங்களுக்குத் தெரியாத எழுத்து. வளைந்து வளைந்து, மேலே கோடு போட்ட எழுத்து. எந்த நாடோ. அதன் நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் தமிழில், அப்படியே எடுத்து ஒட்டியது மாதிரி: கருப்பாயி.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். லேப் அறை பெரிதாகிக்கொண்டே போவது மாதிரி இருந்தது. உலகம் இவ்வளவு பெரிது என்று படித்திருக்கிறேன். அது முழுக்கக் காது இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"பேச்சியப் பத்தி ஏதாவது இருக்காக்கா?"

"இல்லடா. தேடிட்டேன்."

அடுத்த மூட்டையிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

போன திங்கட்கிழமை அக்கா ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து வைத்தாள். "இது என்னன்னே புரியல. எவளோ வேணும்னே கிறுக்கியிருக்கா. தூக்கிப் போடலாம்னு பாத்தேன்." திரையைத் திருப்பினாள்.

'எருமை கன்னு போட்டிருக்கு. ரெட்டைக் கன்னு. ஒத்தக் கையால பால் கறக்கப் பழகியாச்சு.'

ஊரில்லை, பேரில்லை. உலகத்தில் எத்தனை பேர் அந்தத் துண்டைப் படித்தாலும் ஒருத்திக்கு மட்டும்தான் அது புரியும். நான் அந்தத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன், சத்தம் வெளியே போகாமல் இருக்க. ஜெசிந்தா அக்கா என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று முதுகைத் தட்டினாள். அவளிடம்கூட நான் சொல்லவில்லை.

அவளுக்கு அந்த நூலில் எழுத யார் வழி செய்தது என்று எனக்குத் தெரியாது. என் இருநூறு எழுத்தைப் படித்துவிட்டு, பஸ் ஏறி, தெரியாத ஊரில் இறங்கி, தெரியாத வீட்டுக் கதவைத் தட்டியவர் யார் என்றும் தெரியாது. கடைக்காரரா, துறைமுகத்தில் பெட்டி தூக்குபவரா, ஆணா பெண்ணா எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முடியாது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அப்படி ஒருவர் இருக்கிறார்.

நாளை மறுநாள் எங்கள் மில்லுக்குப் புது மெஷின் வருகிறது. பேர் இல்லாத வரியை எல்லாம் கோன் சுற்றும்போதே அழித்துவிடுமாம். அக்கா பேனாவை ஒரு ராத்திரிக்கு எனக்குத் தந்திருக்கிறாள், எழுதியதை நாளைக்குக் கோன்களில் ஏற்றிவிடுவாள். இருநூறு இருநூறு எழுத்தாக வெட்டினால் இந்தக் கதைக்கு எழுபது கோனுக்கு மேல் ஆகும். எல்லாம் ஒரே சட்டையில் சேராது. உங்களுக்கு நடுவிலிருந்து ஒரு துண்டுதான் கிடைத்திருக்கலாம். பரவாயில்லை. அந்தக் கதவைத் தட்டியவர் நீங்களாக இருந்தால், ஒரு துண்டே போதும்: நீங்கள் போனது வீண் போகவில்லை. கன்று இரண்டு.

செருப்புச் சத்தம் கேட்கிறது. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இதில் பேச்சி பேச்சி இல்லை. ஜெசிந்தா, வாசுகி, கதிரேசன், யாருமே அந்தப் பேரில் இல்லை. ஊர்களையும் மாற்றிவிட்டேன்.

எருமையின் பேரை மட்டும் மாற்றவில்லை.